கோடுகளைக் குறையுங்கள்: செட்டிநாட்டு விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரங்களில் குடமுழுக்குக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் மரத்தில் நினைவுப் பலகை செய்யச் சொல்லும் விழாக் குழுவினருக்கும், வீட்டாருக்கும், அவற்றுக்குப் படம் தயாரித்துத் தரும் வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

பிளாஸ்டிக் கேடயம் வேண்டாம், மரம்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறீர்கள். மரம் அறுக்கும் எங்களைப் போன்றவர்களின் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன். படத்தில் இருக்கும் ஒவ்வொரு கோட்டையும் அப்படியே அறுத்துத் தரும்படி வற்புறுத்தாதீர்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் வேலையை எங்களிடம் விடுங்கள்.

உங்களிடமிருந்து வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே வழியில் உருவாகின்றன. பூர்வீக வீட்டு முகப்பில், வாசல் நிலைக்கு மேலே இருக்கும் கஜலட்சுமியைக் கைபேசியில் படமெடுக்கிறீர்கள். அதைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, அளவைச் சுருக்கி அனுப்புகிறீர்கள். அந்த நிலை பர்மாத் தேக்கு. செதுக்கிய ஆசாரி உளியால் ஆழம் கொடுத்திருக்கிறார். மாலை ஒரு மட்டத்தில், திருமேனி அதற்குக் கீழே, பின்னால் ஓடும் கொடி இன்னும் ஆழத்தில். நிழல் விழுவதால்தான் ஒரு முத்தும் அடுத்த முத்தும் பிரிந்து தெரிகின்றன. நாங்கள் அறுப்பது ஸ்க்ரோல் சாவில், மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் இயந்திர வாளில். அதில் அந்த ஆழம் கிடையாது. மரம் இருக்கும், அல்லது ஓட்டை இருக்கும். நடுவில் எதுவும் இல்லை. கணினியோ அத்தனை நிழலையும் கறுப்புப் பொட்டுகளாக ஆக்கிவிடுகிறது. ஒவ்வொரு பொட்டும் எங்களுக்கு ஓர் ஓட்டை.

அளவையும் பாருங்கள். நான்கு அடி அகல நிலை ஓரடிப் பலகைக்குள் வரும்போது எல்லாம் கால் பங்காகிவிடும். நிலையில் 4 மி.மீ. இருக்கும் கொடித்தண்டு பலகையில் 1 மி.மீ. ஆகிறது. 6 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே குறைந்தது 3 மி.மீ. மரம் நிற்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அதற்குக் கீழே போனால் அறுக்கும்போது தப்பித்தாலும் துடைக்கும்போது ஒடியும்.

இந்த வேலை நடக்கும் முறையை நேரில் பார்த்தவர்கள் உங்களில் குறைவு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் முதலில் டிரில் போட வேண்டும். பிளேட்டை ஒரு முனையில் கழற்றி, துளை வழியாக நுழைத்து, மறுபடி மாட்டி, இறுக்கி, அறுத்து, மறுபடி கழற்ற வேண்டும். 3ஆம் எண் பிளேட்டின் அகலமே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது நுழைந்து திரும்ப இடமில்லாத பொட்டை எந்தக் கைகாரனாலும் அறுக்க முடியாது. முந்நூறு ஓட்டையுள்ள படத்தில் முந்நூறு தடவை பிளேடு கழன்று மாட்டப்படும். அதில் பாதிக்கு மேற்பட்டவை நான்கு அடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவற்றைச் சேர்த்துப் பெரிய ஓட்டைகளாக்கினால், 3 மி.மீ. பிளைவுட்டில் மூன்று நான்கு பலகைகளை அடுக்கி ஒரே ஓட்டத்தில் அறுக்கலாம். நூறு பலகை கேட்கும் குழுவுக்கு விலை இறங்குவது இங்கேதான்.

கஜலட்சுமியையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் படத்தின் மேல் ட்ரேசிங் தாளை வைத்து, அவளை அடையாளம் காட்டுபவற்றை மட்டும் வரைவேன்: கிரீடம், மேல் கைகளில் இரண்டு தாமரை, அமர்ந்த கோலம், இருபுறமும் தும்பிக்கை தூக்கிய யானைகள், கலசங்கள். பத்மபீடத்தின் மூன்று வரிசை இதழ்களை ஒரே வரிசையாக்கி, ஒவ்வொரு இதழையும் பெரிதாக்குவேன். முத்துச்சரம் போய்விடும்; அந்த இடத்தில் ஒரு பிளேடு அகலத்துக்கு ஒற்றைக் கோடு. யானைக்குக் கண் ஒரு டிரில் துளை, அவ்வளவே. நெற்றிப்பட்டத்தின் வேலைப்பாடும் முதுகுத் துணியின் பூவும் வேண்டாம். ஆனால் காது மடலின் வளைவை மட்டும் விடவே மாட்டேன். அது இல்லாவிட்டால் யானை பன்றியாகிவிடும்.

இனிமேல்தான் கடினமான இடம். பின்னணி முழுவதும் ஓட்டையாவதால், தூக்கிய தும்பிக்கை அந்தரத்தில் நிற்கிறது. எங்காவது பிடிமானம் வேண்டும். கலசத்திலிருந்து விழும் நீரை 4 மி.மீ. பட்டையாக வரைந்து அம்மன் கிரீடத்தோடு சேர்த்தால், தும்பிக்கை, கலசம், நீர், கிரீடம் எல்லாம் ஒரே மரமாகிவிடும். பார்ப்பவருக்கு அது நீராட்டு. பலகைக்கு அது உத்திரம். இப்படி ஓர் இணைப்பு படத்துக்குள்ளேயே கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சி பெரிது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் நேரம் கேட்கிறோம்.

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓரடிப் பலகையில் அம்மனின் முகம் கட்டைவிரல் அளவு. கண்ணையும் உதட்டையும் அதில் ஓட்டையாக அறுத்தால் திருமுகம் விகாரமாகிவிடும். முகத்தை வெட்டாமல் வெறும் மரமாக விடுங்கள். அல்லது மேலோடு நுண்ணுளியால் இரண்டு மூன்று கோடு போடச் சொல்லுங்கள். நம் ஆச்சிமார் விளக்கேற்றிக் கும்பிடப்போகும் பொருள் அது.

தேக்கிலேயே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: மரத்தின் நார் ஓடும் திசையில்தான் பலம். அகலப் பலகையில் நார் குறுக்கே ஓடும், தும்பிக்கை மேல்நோக்கி நிற்கும். நாருக்கு எதிராக நிற்கும் மெல்லிய துண்டு பட்டென ஒடியும். அங்கே தும்பிக்கையைத் தடிப்பாக்க வேண்டும், அல்லது தேக்கு முகம் ஒட்டிய பிளைவுட்டுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

எழுத்துக்கும் இதே நியாயம். பெயரை ஓட்டையாக வெட்டினால் புள்ளிக்குச் சிக்கல் இல்லை, ஒரு துளை போதும். ட, ப போன்றவையும் நிற்கும். ஆனால் சுழியுள்ள ண, ஞ, இ இவற்றின் உள்வட்டம் கழன்று விழும். எழுத்தையே மரமாக நிறுத்தினால் சுழி நிற்கும், புள்ளி விழும். இரண்டிலும் ஒரு சிறு இணைப்பு விட்டுத்தான் ஆக வேண்டும். அதை 'எழுத்துப் பிழை' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பாதீர்கள். 1978இல் தமிழக அரசு ணை, லை, னை, ளை போன்ற எழுத்துகளின் வடிவத்தையே மாற்றி எளிதாக்கியது. இன்று நீங்கள் அனுப்பும் அழைப்பிதழ் முழுவதும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. தமிழ் குறைந்துபோனதா?

லேசரில் எல்லாக் கோடும் வருமே என்பீர்கள். வரும். ஆனால் 1 மி.மீ. மரம் லேசரில் வெட்டினாலும் 1 மி.மீ. மரம்தான், ஓரம் கருகியும் இருக்கும். ஒரு குழு, முத்துச்சரம் விடுபட்டிருக்கிறது என்று என் மாதிரிப் பலகையை ஒதுக்கிவிட்டு, வேறிடத்தில் வரிக்கு வரி வெட்டி வாங்கியது. அந்தப் பலகை ஒன்றைப் பின்னர் ஒரு வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் பார்த்தேன். இடது யானையின் தும்பிக்கையைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். விடுபட்டதை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒடிந்தது வாசலிலிருந்தே தெரிகிறது.

ஆகவே, படம் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே எங்களிடம் வரட்டும். அறுப்புக் கூலியோடு வரைகூலியையும் கணக்கில் சேருங்கள்; படத்தைக் குறைப்பது அறுப்பதைவிட அதிகம் யோசிக்க வேண்டிய வேலை. ஓட்டைகளை எண்ணி விலை பேசுவதை விடுங்கள். வரைந்ததைக் கறுப்பு மையிட்டு அனுப்புகிறோம். குழுவில் உள்ள பெரியவர்கள் அதைச் சுவரில் ஒட்டி, நாலு அடி தள்ளி நின்று பார்க்கட்டும். அம்மனும் யானையும் தெரிந்தால் போதும். முதல் பலகையை அறுத்து நேரில் கொண்டுவருகிறோம். கையில் வாங்கி, தும்பிக்கையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மீதிக்கு ஒப்புதல் கொடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியில் மர அறுப்பு வேலை செய்யும் ஒருவன்