ரோமாபுரியில் ஒரே பிஷப் எப்போது வந்தார்?

அன்புள்ள மகளுக்கு,

விவாதத்துக்கு நீ எழுதிய குறிப்பைப் படித்தேன். "முதல் நூற்றாண்டில் பிஷப் இருந்தாரா?" என்று தொடங்கினால் இரண்டு பக்கமும் வசனம் காட்டிக்கொண்டே இருக்கலாம், விடியாது. எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்று கேள். ரோமாபுரியை எடுத்துக்கொள்; சண்டையே அதைச் சுற்றித்தான். ஊர்ச் சபைக்கு ஒரே தலைவராக இருப்பவர் பிஷப்; ரோமில் முதலில் அப்படி ஒருவர் இல்லை, மூப்பர்கள் குழுவாகத்தான் நடத்தினார்கள் என்பதே நம் பக்கம்.

முதலில் கி.பி. 96 வாக்கில் ரோமச் சபை கொரிந்து சபைக்கு எழுதிய கடிதம். கிளமெந்து கடிதம் என்கிறோமே தவிர, உள்ளே அவர் பெயரே கிடையாது. 44-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படி. கண்காணிப் பொறுப்பில் (பிஷப் என்ற சொல்லுக்குப் பொருளே கண்காணி) இருந்த நல்லவர்களை இறக்கிவிட்டீர்களே என்று கடிந்துகொள்கிறது. உடனே மூப்பர்களைப் பற்றிப் பேசுகிறது, ஆட்கள் மாறவில்லை; கண்காணிகளும் மூப்பர்களும் அதே ஆட்கள்தான். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 20-இல் பவுல் எபேசு மூப்பர்களையே கண்காணிகள் என்று சொல்வதும் அப்படியே. ஆனால் அப்போஸ்தலர் நியமித்தார்கள், தங்களுக்குப்பின் வேறு ஆட்கள் வரவும் ஏற்பாடு செய்தார்கள் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும், மறைக்காதே. வழிவழியாக வருவது உண்மை, வந்தவர் ஒருவரல்ல, பலர் என்று சொல்.

அடுத்து, 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் தன் தரிசனங்களை எழுதிய ஹெர்மாஸ் என்ற கிறிஸ்தவர். ஒரு தரிசனத்தில், கண்டதை இரண்டு பிரதி எழுதச் சொல்லப்படுகிறது. ஒன்று கிளமெந்துக்கு, வெளியூர்களுக்கு அனுப்புவது அவர் வேலை. மற்றது கிராப்தே என்ற பெண்ணுக்கு, விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் புத்திசொல்ல. உள்ளூரிலோ, சபையை நடத்தும் மூப்பர்களோடு ஹெர்மாஸே வாசிக்கவேண்டும். எனக்கு மிகப் பிடித்த சாட்சி இது. வாதத்துக்காக எழுதியதல்ல, போகிற போக்கில் சொன்னது.

2-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பல சபைகளுக்குக் கடிதம் எழுதிய அந்தியோகியா பிஷப் இக்னேஷியஸ், எபேசுவில் ஒனேசிமு, மக்னேசியாவில் தமாஸ், சிமிர்னாவில் பாலிகார்ப் என்று பிஷப்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்; ரோமருக்கு எழுதும்போது அந்த ஊர் பிஷப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. இதை முதல் ஆதாரமாக வைத்திருக்கிறாய், பின்னுக்குத் தள்ளு. மௌனம் தனியாக நிற்காது. பாலிகார்ப் பிலிப்பியருக்கு எழுதியதைச் சேர்த்துக்கொள்: யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லும் இடத்திலேயே மூப்பரும் உதவிக்காரரும் (டீக்கன்கள்) தான் வருகிறார்கள், பிஷப் வரவில்லை.

சுமார் 180-இல் லியோன் பிஷப் ஐரேனியஸ் தரும் ரோம பிஷப்களின் பட்டியல், லீனு முதல் எலூத்தேரியு வரை 12 பேர். பெயர்கள் கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதே, தோற்றுவிடுவாய். மூப்பர் குழுவில் முன்னணியில் இருந்தவர்களுக்குப் பிற்காலப் பதவியை ஏற்றிச் சொல்கிறார் என்பதே நம் வாதம்.

மூப்பரும் பிஷப்பும் ஒருவரே என்று சொல்லும், பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமின் 146-ஆவது கடிதத்தைக் கடைசியில் வை. அவர் வாழ்ந்தது கிளமெந்து கடிதத்துக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் கழித்து. அவர் சொல்வது சாட்சியல்ல, கருத்து.

அன்புடன்,
அப்பா