பயத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரையில் பக்க விளைவுகளைத் தனியாகக் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் அடுக்கியிருந்தீர்கள். தகவலில் தவறில்லை. ஆனால் எத்தனை பேருக்கு வரும், வந்தால் என்ன செய்யலாம் என்று ஒரு வரிகூட இல்லை. இன்னும் மருந்தே தொடங்காதவர் அதைப் படித்தால் என்ன ஆவார்?

ஜெர்மனியில் உளவியலாளர் இவோன் நெஸ்டோரியுக் குழுவினர், அறுவை சிகிச்சை முடிந்து ஹார்மோன் மாத்திரை தொடங்கவிருந்த 111 பெண்களிடம், என்னென்ன தொந்தரவு வரும் என்று நினைக்கிறீர்கள் என முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, 2 ஆண்டுகள் கவனித்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. ரொம்பக் கஷ்டப்படுவோம் என்று நினைத்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பக்க விளைவுகள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதிலும் அவர்கள் பின்தங்கினார்கள். எனக்குக் கவலை இதில்தான். டமாக்சிஃபென் போன்ற இந்த ஹார்மோன் மாத்திரையை வழக்கமாக 5 ஆண்டுகளாவது சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும்.

அதற்காக ‘எல்லாம் மனப்பிரமை’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வாந்தி நிஜம், வலியும் நிஜம். மருந்தின் வேலையோடு பயமும் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சையில் ஒருமுறை அவதிப்பட்ட சிலருக்கு அடுத்த முறை ஊசி ஏறுமுன்பே குமட்டும். என் அண்ணி, ஆட்டோ ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். நடிப்பில்லை, உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

நலம் விசாரிக்க வருகிறவர்கள் வேறு! ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்த கையோடு, “எங்க நாத்தனாருக்குப் பச்சத்தண்ணிகூட இறங்கல” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எதையும் மறைக்கச் சொல்லவில்லை. சம்மதக் கையெழுத்து வாங்குமுன் எல்லாவற்றையும் சொல்வது டாக்டரின் கடமை. ஆனால் 100 பேரில் 10 பேருக்கு வரும் தொந்தரவென்றால், மீதி 90 பேருக்கு வராது என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே. கீமோவுக்கு முன்பே வாந்தியைத் தடுக்க மருந்து கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லலாம்.

இன்னொன்று. கீமோ காலத்தில் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் பட்டியலில் முடி உதிர்வு முதலில் இருந்தது. காய்ச்சல் கடைசியில், ஒற்றைச் சொல்லாக. அடுத்த இதழிலாவது அதை மேலே கொண்டுவந்து, என்ன செய்ய வேண்டும் என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி