கீழ்த்தளம் காலியாக இருக்கட்டும்

சிங்கப்பூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். சித்தியின் முழங்கால் வலி குறைந்ததா?

உங்கள் குடியிருப்பில் தரைத்தளம் முழுவதையும் கார் நிறுத்தக் கொடுத்துவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தீர்கள். கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இங்கே பெரும்பாலோர் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள். பழைய புளோக்குகள் பலவற்றில் கீழ்த்தளத்தில் வீடே கிடையாது, தூண்களும் திறந்தவெளியும்தான். வெயிலும் மழையும் படாது. தபால் பெட்டிகளும் லிஃப்டும் அங்கேயே இருப்பதால் பத்தாவது மாடிக்காரரும் தினமும் அதைக் கடந்தாக வேண்டும். சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நகர மன்றத்தில் அனுமதி வாங்கினால் அதே இடத்தில் இந்த வாரம் மலாய்க் கல்யாணம் நடக்கும். அடுத்த வாரம் சீனர் வீட்டுத் துக்கம், மூன்று நாளோ ஐந்து நாளோ. நல்லது கெட்டது எல்லாம் அண்டை வீட்டார் கண்ணெதிரே.

1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தாருக்கு எவ்வளவு வீடு வரை என்று உச்சவரம்பு உண்டு. இப்போதைய கணக்கில் சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15. சட்டத்தால் ஒரே கட்டடத்தில் குடிவைக்க முடியும், முகம் பழக வைக்க முடியாது. அதற்குக் கீழ்த்தளம் வேண்டும்.

கெட்டுப்போகும் விதமும் உண்டு. தாழ்வான கூரைக்கடியில் பந்து உதைத்தால் சத்தம் எதிரொலித்து மேல்வீட்டுக்குள் போகும். புகார் வரும், ‘பந்து விளையாடத் தடை’ என்று பலகை வரும், அதற்கும் மசியாவிட்டால் குறுக்கே கம்பி வரும். பிள்ளைகள் போய்விட்டால் அந்த இடம் வெறும் நடைவழிதான். பந்துக்குக் கட்டடத்தை விட்டுத் தள்ளி இடம் ஒதுக்குங்கள். புதிய குடியிருப்புகள் பலவற்றில் விசேஷங்களுக்குத் தனி மண்டபம் கட்டுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் வேலை இருப்பவர் மட்டுமே அங்கே போவார். அதனால் உங்கள் அறிவிப்புப் பலகை, தபால் பெட்டி, பெஞ்சு மூன்றும் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பெஞ்சின் உயரம் சுமார் 45 செ.மீ.; சாய்மானமும் கைப்பிடியும் இல்லாவிட்டால் சித்தி போன்றவர்களால் உட்கார்ந்து எழ முடியாது. நீளவாட்டில் ஒரே வரிசையாகப் போடாமல், இரண்டை ‘ட’ வடிவில் சேர்த்துப் போட்டால்தான் பேச்சு வரும்.

மாடித் தாழ்வாரமும் பொது இடம்தான். செருப்பு அலமாரி, பூந்தொட்டி வைக்கலாம். ஆனால் தீப்பிடித்தால் ஓடுவதற்கு 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும்.

தோட்டம் கேட்டிருந்தீர்கள். எல்லாமே பொது என்றால் காய்த்த பிறகுதான் சண்டை: தண்ணீர் ஊற்றியவர் ஒருவர், பறித்தவர் இன்னொருவர். இங்கே சில பூங்காக்களில் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தியாகப் பிரித்து, மூன்று ஆண்டுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கீரைக்கு அது போதும். தவணை முடிந்தால் இடம் கைமாறும். இல்லாவிட்டால் முதலில் வந்தவர் பட்டா போட்டுக்கொள்வார். வேலி கட்டிப் பூட்டினால் சாவிக்காரர்கள் நாலு பேரோடு தோட்டம் நின்றுவிடும். தொட்டிக்கடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும்.

கார்களைச் சுற்றுச்சுவர் ஓரமாக நிறுத்த முடியுமா என்று பாருங்கள். தரைத்தள வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பினால் பெஞ்சு எங்கே வரலாம் என்று குறித்து அனுப்புகிறேன். சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மகன் முறை