உப்பளம் தறியேறும் முன்

மயூர் விகார், தில்லி

அன்புள்ள சேகர்,

மூன்று வாரமாக உனக்குப் பதில் போடாதது தப்புதான், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். கோமதி அக்கா கொடுத்தனுப்பிய வடகம் தீர்ந்தே போய்விட்டது.

உன் வேதாரண்யம் உப்பள ஓவியத்தைக் கம்பளமாக நெய்யக் கேட்கிறார்கள் என்றதும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் விலை குறைவு என்று ‘டஃப்டட்’ பக்கம் சாயாதே. அதில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைத் துணியில் குத்தி, பின்னால் லேடெக்ஸ் பசை பூசுவார்கள். சில வருஷத்தில் பசை காய்ந்து பொடியாகக் கொட்டும். உத்தரப் பிரதேசத்துப் பத்தோகித் தறியில், ஒவ்வோர் இழையையும் கையால் முடிந்து நெய்யும் கைமுடிச்சுதான் வேண்டும் என்று சொல்.

கேன்வாஸ் 3க்கு 4 அடி, கம்பளம் 6க்கு 8. சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்றால் மொத்தம் 6,91,200. ஆளுக்கு நாளைக்கு 6,000 போட்டால், மூன்று பேருக்குக் கிட்டத்தட்ட நாற்பது நாள் வேலை. நெசவாளர் பார்த்து நெய்யும் கட்டத்தாள் படமான நக்‌ஷாவில் ஒரு கட்டம் ஒரு முடிச்சு, அதாவது இரண்டரை மில்லிமீட்டர். என் கவலையெல்லாம் அந்தக் கூடைக்காரியின் சிவப்புச் சேலைக் கரைதான். நீ அதை ஒரு மில்லிமீட்டரில் இழுத்திருக்கிறாய். இரண்டு பங்கு பெரிதாக்கினாலும் ஒரு முடிச்சு அகலம் வராது. சாய்ந்து போகிற கோடு ஒற்றை முடிச்சில் படிக்கட்டாக உடைந்துவிடும். இரண்டு முடிச்சாவது வை. நக்‌ஷா போடுபவரிடம் விட்டுவிடாமல் நீயே திருத்திக் கொடு.

வானத்துக்கு வழி இருக்கிறது. சாம்பலிலிருந்து ரோஜா வரை ஐந்து சாயம் போதும். பக்கத்துப் பக்கத்து நிறங்களில் ஒவ்வோர் இழை எடுத்துச் சேர்த்து முடிந்தால் நடுவில் நாலு நிறம் கூடுதலாகக் கிடைக்கும். உன் தூரிகைக் குழைவு அப்படியே வராதுதான், ஆனாலும் கம்பளிக்கென்று ஒரு குழைவு உண்டு. 1920களில் பாரிஸில் மேரி குட்டோலி என்பவள் லெழே போன்ற ஓவியர்களின் வடிவங்களைக் கம்பளமாக்கினாள். அவை பெரும்பாலும் தட்டையான நிறப் பரப்புகள். உன்னுடையது அதைவிடக் கஷ்டமான படம்.

முழுசுக்கும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓரடிக்கு ஓரடி மாதிரி கேள். வெறும் வானத்தை வாங்காதே. சிவப்புக் கரையும் வெள்ளை உப்புக் குவியலும் ஒட்டி வரும் மூலையைக் கேள். அலசிய பிறகே பார், அலசினால் நிறம் இளகிப் பளபளப்பு ஏறும். ஈர வெள்ளைத் துணியால் சிவப்பைத் தேய்த்துப் பார். துணியில் சிவப்பு ஒட்டினால் கடைசி அலசலில் உப்பெல்லாம் ரோஜாவாகிவிடும். கம்பளி நுனிகள் நெசவு தொடங்கிய பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் நிறம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் வெளிறியும் தெரியும். அதனால் உப்பளத்தை எந்தப் பக்கம் நின்று பார்க்கவேண்டும் என்பதை நீயே முடிவு செய்து, நெசவை எந்தப் பக்கம் தொடங்குவது என்று அவர்களிடம் சொல்.

எத்தனை பிரதி, வேறு நிறத்தில் நெய்யலாமா, நக்‌ஷா யாரிடம் இருக்கும்: இந்த மூன்றும் எழுத்தில் வராமல் அட்வான்ஸ் வாங்காதே. சேகர், இது விளையாட்டில்லை.

சேலைக் கரையை மட்டும் கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. பக்கத்தில் ஓர் ஸ்கேல் வைத்து எடு.

அன்புடன்,
ரமணி