நாணற்பெட்டி மிதக்க வேண்டும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் கால்வலி குறைந்துவிட்டது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மாமா இப்போதும் விடிய எழும்பிப் பாலத்தடிக்கு நடந்துபோய் மீன் வாங்கி வருகிறார்.

மன்னாரில் ஞாயிறு பாடசாலைப் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா! வேதாகமக் கதைகளுக்கு என்னென்ன கைவேலை செய்விக்கலாம், பட்டியல் அனுப்பு என்று கேட்டிருந்தாய். பட்டியல் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், உனக்குத் தேவையானதை நீயே எடுத்துக்கொள்.

நானும் பல வருடம் பிரிஸ்டல் போர்டில் ஆட்டுக்குட்டி வெட்டிப் பஞ்சு ஒட்டுவித்தவள்தான். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், தாய்மார் சுவரில் தொங்கவிட்டார்கள். அடுத்த கிழமை, மேய்ப்பன் காணாமற்போன அந்த ஒரு ஆட்டை ஏன் தேடிப் போனான் என்று கேட்டால், பசை காயவில்லை, பஞ்சு காணாமல் போய்விட்டது என்ற கதைதான் வரும். அவர்களில் பிழை இல்லை. நான் கொடுத்த வேலைக்கும் கதைக்கும் ஒட்டே இல்லை.

அது எனக்குப் புரிந்தது மோசேயின் கதையில். யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தில், தாய் நாணற்பெட்டிக்குப் பிசினும் கீல் என்கிற தாரும் பூசிப் பிள்ளையை அதில் கிடத்துகிறாள் அல்லவா? கடதாசியில் செய்யாமல் உண்மையாகவே ஒரு பெட்டி பின்னினால் என்ன என்று தோன்றியது. படுவான்கரையில் பன் என்கிற புல்லில் பாய் இழைக்கிற ஒரு அம்மம்மாவை அழைத்து வந்தேன். அவர் சைவம். கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பன்னைக் கையில் எடுத்தார். காய்ந்த பன் மடிக்கும்போது முறியும், அதனால் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும் என்று காட்டித் தந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி பின்னவே பிள்ளைகளுக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது.

மூன்றாம் ஞாயிறு பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு களிமண் பிள்ளையை வைத்து விட்டோம். எல்லாம் மூழ்கின. ஒரு சின்னவள் தன் பிள்ளையை அள்ளி எடுத்துக்கொண்டு அழுதேவிட்டாள். பிறகு கேட்டாள்: "டீச்சர், மோசேட அம்மா முதல்ல வெறும் பெட்டியை விட்டுப் பாத்திருப்பாதானே?"

இத்தனை வருடம் படிப்பித்தும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை. ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குத் தெரியாமல் மூன்று மாதம் ஒளித்து வைத்த பிள்ளையை ஆற்றில் விடப்போகிறவள் எத்தனை இரவு பெட்டியைப் பூசிப் பூசிப் பார்த்திருப்பாள்! அந்த அம்மம்மா பன்னைக் கீழே வைத்துவிட்டு, "தாய்தானே மகள், பாக்காம விடுவாளா" என்றார். வகுப்பில் சத்தமே இல்லை.

கீல் எதற்கு என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தோணிக்குத் தகப்பன் தார் பூசுவதைப் பார்த்த பொடியன்கள் அவர்களாகவே சொன்னார்கள். ஆலயத்தில் மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினேன். (அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதே.) உள்ளும் புறமும் பூசி ஆறவிட்டு மறுபடி விட்டோம். மிதந்தன! அந்தச் சின்னவள் மட்டும் பேசினை விட்டு நகரவில்லை. மோசேயின் அக்கா மிரியாமைப்போல நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மோசேயின் பெட்டிக்கும் நோவாவின் பேழைக்கும் எபிரேயத்தில் ஒரே சொல்தான், தேபா. வேதாகமத்தில் வேறெதற்கும் அந்தச் சொல் வருவதில்லை. இது தெரிந்த பிறகுதான் நோவாவைத் தொடத் துணிந்தேன். உனக்குத் தெரியும், 2004 டிசம்பர் 26உம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு பல வருடம் இந்தக் கரையில் நின்றுகொண்டு வெள்ளத்தின் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வானவில்லையும் மிருகங்களையும் வர்ணம் தீட்டக் கொடுத்துக் கடந்துவிடுவேன்.

இந்த முறை அளந்தோம். நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. பூக்காரி அளக்கிற அதே முழம் என்பதால் ஒரு பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கடற்கரை வேண்டாம் என்று நினைத்து விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கயிறு பிடித்தோம். பெரியவர் முழம் ஏறக்குறைய ஒன்றரை அடி என்றால் நீளம் மட்டும் 450 அடி. மைதானம் போதாமல் கயிற்றை மடக்கிப் போட வேண்டி வந்தது. அந்தக் கயிற்றுக்குள் நின்றுகொண்டு ஒருவன் கேட்டான்: "இவ்வளவு இடம் இருந்தும் ஏன் டீச்சர் எட்டுப் பேரை மட்டும் ஏத்தின?" சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை அவன். என்னிடம் உடனே சொல்லப் பதில் இல்லை. எனக்கும் அதே கேள்விதான் மகன் என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் செய்தது சரிதானா என்று நீ எழுத வேண்டும்.

வலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மன்னாருக்குப் பொருந்தும். யோவான் 21இல் இயேசுவின் சீடர்கள் போட்ட வலையில் 153 மீன். ஒரு தகப்பன் வந்து ஊசி பிடித்து முடிச்சுப் போடப் பழக்கினார், பிள்ளைகள் பழைய பத்திரிகையில் 153 மீன் வெட்டினார்கள். அந்த எண்ணுக்குப் பெரிய பெரிய அறிஞர்கள் மறைபொருள் தேடியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து 17 வரை கூட்டினால் 153 வரும் என்று பழைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் காட்டினார். எங்கள் மீன்காரப் பொடியன் சொன்னது வேறு: "பங்கு பிரிக்கிறதுக்கு எண்ணத்தானே வேணும்." ஏழு பேர் போன தோணி அது. அவனுக்கு அந்தக் கதை அவன் வீட்டு முற்றத்தில் நடக்கிறது.

குருத்தோலைச் சிலுவை உனக்கே வரும், அதை நான் எழுதத் தேவையில்லை.

மன்னாரில் பன் கிடைக்காவிட்டால் பனையோலை எடு. ஓலைப்பெட்டி இழைக்கிற கை ஏதாவது அங்கே இருக்கும், முதலில் அவரைத் தேடிப் பிடி. பின்னலை இறுக்கமாகப் போடச் சொல், இல்லாவிட்டால் மெழுகு ஒழுகிவிடும். முதல் தரம் பூசாமல் விட்டுப் பார்க்க மறக்காதே. பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வை, அடுத்த கடிதத்தில் எனக்கு அது வேண்டும்.

அம்மாவுக்கு என் அன்பு.

உன் பழைய வாங்குத் தோழி