ரப்பர் மீன் வார்க்கப் போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

சொந்தமாக ரப்பர் மீன் (தூண்டில் முள்ளில் மாட்டும் மெத்தென்ற போலி இரை) வார்க்கப் போகிறேன், எந்த அச்சு வாங்கலாம், எந்த நிறம் எடுபடும் என்று கேட்டிருந்தாய். இதையே வேறு சிலரும் கேட்பதால் உனக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே: நீ கேட்ட வரிசை தலைகீழ். நிறம் கடைசியில் வருகிற சமாச்சாரம். அச்சு அதற்கு முன்னால். எல்லாவற்றுக்கும் முன்னால், நீ செய்கிற லூர், அதாவது போலி இரை, தண்ணீரில் எப்படி ஆட வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொள்.

மீனுக்குக் கண் மட்டுமா இருக்கிறது? செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு, தண்ணீரில் எழும் சின்ன அதிர்வையும் பிடித்துக்கொள்ளும். கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் வேட்டை மீன் இரையை நெருங்க அது பெரிய துணை. பின்லாந்தின் லாரி ராப்பலா 1936-ல் செய்த முதல் லூரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். கார்க்கைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் பளபளப்புத் தாளை ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி மேல்பூச்சாகப் பூசினார். கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்த வேலை. அடிபட்ட குஞ்சு மீன் தள்ளாடி நீந்தும்போது பெரிய மீன்கள் கூட்டத்தை விட்டு அதை மட்டும் குறிவைப்பதை அவர் கவனித்திருந்தார். அந்தத் தள்ளாட்டம் வரும்வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை.

ரப்பர் மீனில் அந்த ஆட்டத்தை எங்கே வைப்பது? வாலில். இன்னும் சரியாகச் சொன்னால், வால் உடம்போடு சேரும் கழுத்தில். வால் நுனி துடுப்பு போல் தட்டையாக இருக்கும் மாடலை எடுத்துக்கொள். அந்தக் கழுத்து தடிமனாக இருந்தால் வேகமாகச் சுற்றி இழுத்தால்தான் வால் அடிக்கும். மெதுவாக இழுக்கும்போது கட்டையாய் வரும். கழுத்து மெலிந்திருந்தால் லூர் தானாகக் கீழே இறங்கும்போதே வால் அடிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் ரொம்ப மெலிந்தால் முதல் கடியிலேயே வால் போய்விடும். சுருள் வாலுக்கும் கணக்கு இதேதான்: ஓரம் மெல்லியதாக இருக்கவேண்டும், நுனிவரை சமமாக இளைத்துக்கொண்டே போகவேண்டும். அதனால் அச்சைப் பார்க்கும்போது கண், செதில் வேலைப்பாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கழுத்தைப் பார். செதிலைப் பார்த்து அச்சு வாங்குகிறவர்கள்தான் அதிகம், அது வேறு விஷயம்.

வாலே இல்லாத வெறும் குச்சிப் புழு இன்னொரு வகை. அதை ஆட வைப்பது உப்பு. உப்பின் அடர்த்தி தண்ணீரைப் போல் இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல். அதனால் உப்புக் கலந்த புழு, ஈயம் கட்டாமலே கிடைமட்டமாக இறங்கும், இறங்கும்போது இரண்டு முனையும் லேசாக நடுங்கும். பொடி உப்பாக, ஈரம் துளியும் இல்லாததாகப் பார்த்துப் போடு. உப்பு ஏற ஏற எடை கூடும், கூடவே பிளாஸ்டிக்கின் வலு குறையும், சீக்கிரம் கிழியும். எது வேண்டும் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் கிழிந்தால் கிழியட்டும், அந்த நடுக்கத்துக்காக எத்தனை புழுவை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அப்புறம், சூடு. இதை நிதானமாகப் படி.

ரப்பர் மீன் என்று சொன்னாலும் நாம் உருக்கி வார்ப்பது பிளாஸ்டிசால். அது பிவிசி தூளை பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெயில் கலந்த பால்நிறத் திரவம். சும்மா வைத்திருந்தால் தூள் அடியில் படிந்துவிடும். நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் பாட்டிலின் மேல்பாதி கொழகொழவென்றும் அடிப்பாதி விறைப்பாகவும் வரும். 'பொருள் சரியில்லை' என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் குலுக்காதவர்கள். குலுக்கியதும் கொஞ்ச நேரம் அப்படியே வை, குமிழி அடங்கட்டும்.

சூடு ஏறும்போது முதலில் ஒன்றும் நடக்காது, அதே பால்தான். பிறகு திடீரென்று கட்டிதட்டி, குச்சியில் ஒட்டிக்கொண்டு, கெட்டுப்போய்விட்டதோ என்று பயமுறுத்தும். பயப்படாதே, கிளறிக்கொண்டே சூட்டைத் தொடர்ந்து கொடு. சுமார் 175 டிகிரி செல்சியஸை ஒட்டி அது இளக ஆரம்பிக்கும். வெண்மை கலைந்து தெளியும். குச்சியைத் தூக்கினால் சொட்டு சொட்டாக விழாமல் நூலாக ஒழுகும். ஊற்ற வேண்டிய தருணம் அதுதான். அதற்கு முன்னால் ஊற்றினால், பார்க்க நன்றாக இருந்தாலும் இழுத்தால் பிய்ந்துவிடும், உள்ளே தூள் சரியாகச் சேர்ந்திருக்காது.

200 டிகிரியைத் தாண்ட விட்டால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகிக் கருகும். கருகும்போது வருவது ஹைட்ரஜன் குளோரைடு ஆவி. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் பட்டதும் அது அமிலமாகிறது. அப்படி ஆகிவிட்டால் சட்டியைக் காப்பாற்றுகிறேன் என்று அங்கேயே நிற்காதே. சூட்டை நிறுத்திவிட்டு வெளிக்காற்றுக்குப் போ. கருகாதபோதும் ஆவி வரும் என்பதால் சமையலறை கூடவே கூடாது. நிக் க்ரீம் 1949-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் வீட்டிலேயே பிளாஸ்டிக் புழுவை வார்த்து ஒரு தொழிலையே தொடங்கினார் என்று நீ பதில் சொல்வாய், தெரியும். அவர் காலத்தில் இந்த ஆவியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை, உனக்கு அந்தச் சாக்கு இல்லை. வெளியிலோ, காற்று நன்றாக வந்து போகும் கொட்டகையிலோ செய். அமில ஆவி, கரிம ஆவி இரண்டையும் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் போட்ட முகக்கவசம் வாங்கு. துணி மாஸ்க் இதற்கு உதவாது. பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, சூடு தாங்கும் கையுறை எல்லாம் வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்குவதானால் அந்த மைக்ரோவேவ் இனி உணவுப் பக்கமே போகக்கூடாது. அளவுக் குவளையும் குச்சியும் அப்படித்தான்.

மைக்ரோவேவில் ஒரேயடியாக நீண்ட நேரம் வைத்தால் நடுவில் கருகி ஓரத்தில் பாலாகவே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறி மறுபடி வை. லேசர் தெர்மாமீட்டர் மேற்பரப்பின் சூட்டை மட்டும்தான் காட்டும். கிளறிவிட்டு உடனே அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

சூட்டுக்கு அடுத்த எதிரி ஈரம். 175 டிகிரியில் இருக்கும் திரவத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அந்த நொடியே நீராவியாகி வெடித்துத் தெறிக்கும். தெறிக்கிற பிளாஸ்டிக் வழிந்து போகாது, தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். தண்ணீரை யார் வேண்டுமென்று ஊற்றப் போகிறார்கள் என்று நினைப்பாய். அது வருகிற வழிகள் வேறு. வார்த்த மீனைச் சீக்கிரம் ஆற வைக்கத் தண்ணீரில் போடுவோம். வெட்டியெடுத்த மிச்சத் துண்டுகளை மறுபடி உருக்கக் குவளையில் போடுவோம். அந்தத் துண்டின் மடிப்பில் தண்ணீர் ஒளிந்திருக்கும். துடைத்து, ஒரு நாள் காயவைத்துப் பிறகு உருக்கு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு இன்னொரு வழி. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். சில நாள் நன்றாகக் காயவைத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையையோ எபாக்சியையோ மேலே பூசி, அந்தப் பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். நிறமிகூட பிளாஸ்டிசாலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும், தண்ணீரில் கரைத்த சாயம் வேண்டாம்.

சரி, இப்போது அச்சு. முதல் அச்சுக்கு அலுமினியத்தில் காசைக் கொட்டாதே. ஒரு பக்கம் திறந்த பிளாஸ்டர் அச்சை நீயே செய். களிமண்ணிலோ மரத்திலோ உனக்குப் பிடித்த உருவத்தைச் செய்து, அதைப் பிளாஸ்டரில் பதித்து எடு. முதுகு தட்டையாக வரும், மீன் அதைக் கண்டுகொள்வதில்லை. வால் கழுத்து சரியில்லை என்றால் அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்யலாம். அலுமினியத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. சிலிக்கான் அச்சு நடுவில் இருக்கிறது: நுணுக்கம் நன்றாக வரும், சூடும் தாங்கும். ஆனால் பிளாட்டினம் வகை சிலிக்கானை கந்தகம் கலந்த களிமண்மேல் ஊற்றாதே; எத்தனை நாள் ஆனாலும் தொடுகிற இடம் பிசுபிசுவென்றே இருக்கும்.

ஊற்றும்போது வாலில் இருந்து ஆரம்பி. மெல்லிய இடம் சீக்கிரம் ஆறிவிடும், கடைசியில் போனால் வால் பாதிதான் நிரம்பும். நூல் போல் ஊற்று, நிறுத்தாமல் தலைவரை போ, கொஞ்சம் மேலே உப்பும்படி நிரப்பு. ஆறும்போது சுருங்கி உள்வாங்கும். பிறகு இரண்டு பாதி கொண்ட அச்சுக்கும், அதற்குள் பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தும் ஊசிப் பம்புக்கும் மாறினால், நிரம்பியதும் பம்பை எடுத்துவிடாதே. சில விநாடி அழுத்திப் பிடித்திரு. சுருங்குகிற இடத்துக்கு உள்ளே பிளாஸ்டிக் போய்க்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தலையில் குழி விழும்.

உருவம் செதுக்கும்போதே தூண்டில் முள்ளையும் பக்கத்தில் வைத்துக்கொள். உடம்பு பருத்துப்போய் முள்ளின் வாயை அடைத்துக்கொண்டால் மீன் கடிக்கும், மாட்டாது. ஜிக் தலையும் (முள்ளோடு சேர்த்து வார்க்கும் உலோக எடை) நீயே வார்க்கப் போகிறாய் என்றால் ஈயம்தான் முதலில் நினைவுக்கு வரும். 327 டிகிரியில் உருகும், சுலபம். ஆனால் நஞ்சு. ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரிட்டனில் 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையான ஈய எடைகளுக்கு 1987-லேயே தடை வந்துவிட்டது. பிஸ்மத்தும் வெள்ளீயமும் 58-க்கு 42 என்ற கணக்கில் சேர்ந்த கலவை 138 டிகிரியிலேயே உருகும். ஈயத்தைவிட எடை குறைவு, விலை கூடுதல். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நிறத்துக்கு வந்துவிட்டேன். தெளிந்த தண்ணீருக்கு ஒளி ஊடுருவும் மங்கல் நிறம், கலங்கலுக்கு அடர்ந்த கருப்போ பளிச்சென்ற நிறமோ. ஆரம்பத்துக்கு இது போதும். மினுக்குத் தூள் மட்டும் சூடு தாங்கும் வகையாகப் பார்த்து வாங்கு, கைவினைக்கான சாதாரண தூள் சூட்டில் சுருண்டு சாயம் விடும். அதையும் கடைசியில் போடு.

அச்சிலிருந்து எடுத்ததும் மீன்களை நேராகப் படுக்க வை. வளைந்த வாலோடு ஆறினால் அந்த வளைவு நிலைத்துவிடும்; வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு நேராக்கலாம். இரண்டு நிறத்தை ஒரே பையில் போடாதே, அடர்நிறம் வெளிர்நிறத்தில் இறங்கிவிடும். கெட்டியான கண்ணாடி போன்ற பாலிஸ்டைரீன் டப்பாவிலும் வைக்காதே. பிளாஸ்டிசைசர் டப்பாவையே இளக்கி, மீனும் டப்பாவும் ஒட்டிக்கிடக்கும். பாலிஎத்திலீன் பை நல்லது. கிழிந்த மீன்களைத் தண்ணீரில் வீசிவிடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வா, மற்ற மீன்கள் அதை விழுங்கும், வயிற்றில் செரிக்காமல் கிடக்கும். கழுவிக் காயவைத்தால் அடுத்த வார்ப்புக்கு ஆகும்.

முதல் மீனை வார்த்ததும் ஒரு பெரிய தொட்டியில் தூண்டில் நரம்பைக் கட்டி எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக இழுத்துப் பார். வால் அடிக்கவில்லை என்றால் எனக்கு எழுது. கழுத்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுது.

அன்புடன்,
அண்ணன்