‘நல்லாட்சி’யிலிருந்து வந்த பதில்: வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வடக்கில் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்தவர்கள் நீங்கள் 12 பேர். யாழ்ப்பாணத்துக்கு 6, வன்னிக்கு 6. உங்களில் ஒருவரின் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். யார் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றப் பதினொரு பேரும் நிம்மதியாகி இதை மடித்து வைத்துவிடுவீர்கள்.

கடந்த ஜனவரியில் எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்காக நான் ஒரு கடிதம் எழுதினேன். எனக்குக் கடலில் தொழில் இல்லை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். கடிதம் எழுதத் தெரிந்த கிழவன் என்று ஊரில் ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். 2024 ஒக்டோபர் 29 அன்று கொழும்பில் கூடிய இந்திய இலங்கை மீன்பிடிக் கூட்டுச் செயற்குழுவில், இந்திய இழுவைப் படகுகளால் அறுபட்ட எங்கள் வலைகளுக்கு நட்டஈடு என்ற பேச்சை யாராவது எடுத்தார்களா? வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தை 2018இல் சட்டம் திருத்திக் கூட்டினார்களே, அந்தத் தண்டப்பணத்தில் ஒரு சதமாவது வலை இழந்தவனுக்கு வர வழி உண்டா? எங்கள் கரைகளிலேயே கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி போடுகிற உள்ளூர்ப் படகுகள் மீது, அதைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி என்ன நடவடிக்கை எடுத்தார்கள்? மூன்றாவதை எழுதும்போது சங்கத்திலேயே சிலருக்கு முகம் சுருங்கியது. அடுத்தவனைக் கேட்கிறோமென்றால் எங்களையும் கேட்கத்தானே வேண்டும் என்று சொல்லி எழுதினேன்.

மே மாதத்தில் பதில் வந்தது. நல்ல தாள், மேலே இலச்சினை, கீழே மையில் கையெழுத்து. சங்கக் கட்டடத்தில் இருபது பேர் முன்னிலையில் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

முதற் பந்தியில், தற்போது நாளாந்தம் இடம்பெறும் இந்திய இழுவைப் படகுகளின் அத்துமீறலையிட்டு உறுப்பினர் ஆழ்ந்த கவலை கொண்டிருப்பதாக இருந்தது. நான் வாசித்த அன்று கடலில் ஒரு இழுவைப் படகு கூட இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழ்நாட்டுக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் பொடியன்கள் பயமில்லாமல் வலை விடுகிற இரண்டு மாதம் அதுதான். மற்றக் காலத்தில் திங்கள், புதன், சனி என்றால் பலர் தொழிலுக்கே போவதில்லை. அவர்கள் வரும் நாட்கள் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரி, இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று விட்டேன்.

இரண்டாம் பந்தி, இரு நாட்டு அரசுகளும் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைப்பது குறித்துக் கலந்துரையாடி வருவதாகச் சொன்னது. அந்தக் குழுவை அமைக்க 2016 நவம்பரில் உடன்பட்டார்கள். நான் கேட்டதோ அதன் ஆறாவது கூட்டத்தைப் பற்றி.

மூன்றாம் பந்தி இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டமூலம் விரைவில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும் என்றது. 2017 ஜூலையிலேயே அது சட்டமாகிவிட்டது. அதைத் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தவர் சுமந்திரன், இந்த மண்ணிலிருந்து போன உறுப்பினர். வேறு ஊர்க்காரர் மறந்தால் பொறுக்கலாம்.

கடைசியாக, இவ்விடயத்தில் ‘நல்லாட்சி அரசாங்கம்’ கூடிய கரிசனையுடன் செயற்படும் என நம்புவதாக முடித்திருந்தார்கள். அது 2015இல் வந்து 2019இல் போன ஆட்சியின் பெயர். அந்த இடத்தில் எனக்கே குரல் இறங்கிவிட்டது. பின்வரிசையில் இருந்த படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் ஒரு வயதான சம்மாட்டி கேட்டார்: “ஐயா, நல்லாட்சி திரும்பி வந்திட்டுதோ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியின் காப்பை அடகு வைத்து வாங்கிய வலையை ஜனவரியில் இழந்தவனும் அங்கே இருந்தான். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் என்னை இதை எழுத வைத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நானும் மாதிரிக் கடிதம் அனுப்பிப் பிழைத்தவன். கச்சேரியில் இருந்த காலத்தில், ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, உரிய அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது’ என்பதை எத்தனை நூறு பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. எனவே அச்சடித்த பதில் என்பதற்காக நான் கோபப்படவில்லை. ஆயிரம் கடிதத்துக்கு ஆயிரம் விதமாய்ப் பதில் எழுத எந்த அலுவலகத்தாலும் முடியாது.

ஆனால் அந்தக் காலத்தில் பிரதி எடுக்க ரோனியோ இயந்திரம் இருந்தது. ஸ்டென்சில் வெட்டி, மை பூசி, கைபிடியைச் சுற்ற வேண்டும். சில நூறு பிரதி எடுத்ததும் ஸ்டென்சில் கிழிந்துவிடும். புதிதாய் வெட்ட உட்காரும்போது பழையதை ஒருமுறை வாசித்துத்தான் ஆகவேண்டும். அப்போதுதான் கண்ணில் படும், சுற்றுநிருபம் மாறிவிட்டது, அந்த அதிகாரி இடம் மாறிப் போய்விட்டார் என்று. கணினியில் இருக்கிற பந்தி கிழிவதில்லை. ஒரு செயலாளரிடமிருந்து அடுத்தவருக்கு, பழைய மடிக்கணினியிலிருந்து புதியதற்கு, அப்படியே கைமாறிக்கொண்டிருக்கிறது. பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும்.

இது உங்களுக்கு மட்டும் உள்ள வருத்தமில்லை. லண்டனில் இருக்கும் என் மருமகன் 2021 கடைசியில் தன் தொகுதி உறுப்பினருக்கு ஜெனிவா மனித உரிமைகள் பேரவை விடயமாக எழுதினான். பொறுப்புக்கூறல் பற்றி அந்தப் பேரவை 2015இல் நிறைவேற்றிய 30/1 தீர்மானத்தின் கடப்பாடுகளை இலங்கை நிறைவேற்றும் என எதிர்பார்ப்பதாகப் பதில் வந்தது. அந்தத் தீர்மானத்துக்கான இணை அனுசரணையிலிருந்து விலகுவதாக இலங்கை 2020 பெப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. 2021 மார்ச்சில் 46/1 என்று வேறொன்றும் நிறைவேறிவிட்டது. அவன் அந்தப் பதிலை எனக்கு அனுப்பி, “மாமா, இவை எங்கட ஊர்க் கந்தோர் மாதிரித்தான்” என்று எழுதியிருந்தான். சரி, அந்த உறுப்பினருக்கு யாழ்ப்பாணம் ஐயாயிரம் மைலுக்கு மேல் தள்ளி இருக்கிறது. உங்களுக்கு?

பழைய பந்தி ஏன் மாறுவதில்லை என்பதற்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சோம்பல் அதில் பாதிதான். வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் உங்கள் அலுவலகங்கள் இப்படித் தடுமாறுவதில்லை. வீதி பற்றி எழுதினால் வீதியைப் பற்றிப் பதில் வருகிறது. கடல் என்றவுடன்தான் பத்து வருடம் பின்னுக்குப் போகிறது. இழுவைப் படகில் வருகிறவனும் தமிழன், நாளைக்கு ஏதாவது நடந்தால் குரல் கொடுக்கத் தமிழ்நாடு வேண்டும், தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசியிருக்கிறோம். புதிதாய் ஒரு வரி எழுதினால் ஒன்றில் அந்தக் கரைக்கு நோகும், அல்லது இந்தக் கரைக்கு. 2016ஆம் ஆண்டின் பந்தி ஒருவருக்கும் நோகாது.

அந்தச் சங்கடம் எங்களுக்கு விளங்காததல்ல. இராமேஸ்வரத்து மீனவன் கடலில் இறந்தால் எங்கள் ஊரிலும் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படகுகளில் வருகிறவர்களில் பலர் நாட்கூலிகள், படகு வேறு முதலாளியுடையது என்பதும் எங்களுக்குத் தெரியும். ‘இதில் வெளிப்படையாகப் பேச எனக்குத் தயக்கம் உண்டு’ என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால், அந்தச் சம்மாட்டி சிரித்திருக்க மாட்டார். அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. அலுவலகத்தில் உள்ள மாதிரிப் பந்திகளை யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒருமுறை வாசிக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் கடைசியாகச் சரிபார்த்த திகதியைப் போடுங்கள். ஆறு மாதம் தாண்டினால் அழித்துவிட்டுப் புதிதாய் எழுதுங்கள். அமைச்சிடம் கேட்டும் பதில் வரவில்லையென்றால் அதையே எழுதுங்கள். பிழையான பதிலுக்கு உங்கள் கையெழுத்தை வைக்காதீர்கள். அது எத்தனை தாளில் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஜனவரிக் கடிதத்தின் பிரதியை உங்கள் 12 பேருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், முத்திரை ஒட்டிய உறையோடு. வருகிற 14ஆம் திகதியோடு அந்தக் கரையின் தடைக்காலம் முடிகிறது. அதற்கு முதல்நாள் பின்னேரம் சங்கம் கூடுகிறது. ‘மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை’ என்று ஒரே வரி வந்தாலும் அதை எழுந்து நின்று வாசிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
வடமராட்சி.
2025 ஜூன்